மாப்பிள்ளையின் நொண்டல்

முன்னங்கால் எலும்பு முறிந்து திருகாணி போட்ட எங்கள் பந்தயக் குதிரைக்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் மாப்பிள்ளை. புது எக்ஸ்ரேயில் எலும்பு கச்சிதமாகக் கூடியிருந்தது. ஆனாலும் லாயத்தை விட்டு வெளியே வந்தால் நொண்டியது.

"இன்னும் வலிக்குது மாமா. ஓட விடாதீங்க," என்றான் அதைப் பராமரிக்கும் என் மைத்துனன்.

பயிற்சியாளனான நான் இந்த விஷயத்தில் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவேன். மைத்துனனை டீ வாங்க அனுப்பிவிட்டு, ஜாக்கியிடம் குதிரையைச் சிமெண்ட் தரையில் மெல்ல ஓட்டச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். நான்கு குளம்புகளும் ஒரே தாளத்தில் விழுந்தன. மைத்துனன் டீயோடு திரும்பியதும் தாளம் தப்பியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கட்டுப் போட்டிருந்தப்ப இது நொண்டினா என்னடா பண்ணுவே?"

"பாவம்னு ஒரு கேரட் குடுப்பேன்."

"இப்பவும் குடுக்கிறியா?"

"இப்பவும் நொண்டுதே மாமா!"

பந்தயம் முடியும்வரை லாயத்துப் பக்கம் தலைகாட்டாதே என்று அவனை விரட்டினேன்.

மாப்பிள்ளை பறந்துபோய் முதலில் வந்து நின்றது. திரும்பி வரும்போது வேலியோரம் நின்ற மைத்துனனைப் பார்த்துவிட்டது. உடனே நொண்ட ஆரம்பித்தது.

அவன் கையும் சட்டைப்பைக்குள் போனது.