வாலு சாது இல்லை

மூன்றாவது தடவையாக வாலு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் ஒரு பல் டாக்டர். அவர் கார் கதவைத் திறந்ததுதான் தாமதம், வாலு பாய்ந்து இறங்கி, நாய்க் காப்பகத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவளின் தோளில் முன்கால் இரண்டையும் போட்டு முகம் முழுக்க நக்கிவிட்டது. தன்னைத் தலைமுழுக வந்திருக்கிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

நாய்களைப் பார்த்துக்கொள்ளும் அவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டாசு என்பார்கள். பற்றவைக்கவே வேண்டாம், தானாக வெடிக்கும்.

"பதினோரு நாள்தானே சார் ஆச்சு?"

"பதினோரு வருஷம் மாதிரி இருக்கும்மா. சோபாவைப் பிச்சுப் போட்டுடுச்சு. யாரு வந்தாலும் மேலே பாயுது. என் மாமியாரைக் கீழே தள்ளிடுச்சு."

"கடிச்சுதா?"

"கடிக்கல. நக்குச்சு."

"நக்கினதுக்கா திருப்பி விடறீங்க?"

டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். வாலுவின் கூண்டில் தொங்கிய அறிமுக அட்டை. "இதைப் பாருங்க. 'ரொம்ப சாது. இருக்கிற இடமே தெரியாது.' இதை நம்பித்தானே கூட்டிட்டுப் போனோம்?"

அவர் போய்விட்டார். பட்டாசுக்கு உச்சந்தலை கொதித்தது. மூன்று முறை திரும்பிய நாயை ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய அடைப்புக்கு அனுப்பிவிடுவது காப்பகத்தின் விதி. அங்கே சோறு உண்டு, மருந்து உண்டு, நாய் எடுக்க வருகிறவர்கள் மட்டும் கிடையாது. மனுஷ வாடைக்கே குதியாட்டம் போடுகிற வாலு அங்கே போனால் ஏங்கியே செத்துவிடும்.

அட்டையை மேலாளரின் மேஜையில் அறைந்தாள். "எந்த மடப்பய இதை எழுதினது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "துணைக்காலை இப்படிச் சுழிச்சு எழுதறது இங்க யாரும்மா?"

அவள் கையெழுத்துதான். இரண்டாவது முறை வாலு திரும்பியபோது, ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்களே, அந்த நியாயத்தில் எழுதியது. அந்த வாசகமும் அவளுடையதல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அவள் மாமா சொன்னது. "பொண்ணு ரொம்ப சாது. இருக்கிற இடமே தெரியாது." மாமாவுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். கல்யாணமாகிப் போன வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள், மாடிப்படியில் ஓடினாள், ஒன்று கேட்டால் பதிலுக்கு இரண்டு கேட்டாள். ஏழே மாதத்தில் பெட்டியோடு கொண்டுவந்து விட்டார்கள். "சாதுன்னு சொன்னீங்களே?" என்று மாமியார் வாசலில் நின்றே கேட்டாள்.

அவர்கள்மேல் உள்ள கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மாமாமேலும் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போதுதான் உறைத்தது. அதைவிட அதிகமாகத் தன்மேலேயே கோபம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார்."

அவர் தலையாட்டினார். அவள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள்.

'பெயர் வாலு. சாது இல்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உங்கள் சோபாவுக்கு நான் பொறுப்பில்லை. மேலே பாயும், பாசத்தில். குழி தோண்டும். தனியே விட்டால் ஊரைக் கூட்டும். சும்மா உட்கார வைத்து அழகு பார்க்க வேண்டுமென்றால் பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள்.'

"இதைப் படிச்சா ஈ காக்கா வராது," என்றார் மேலாளர்.

"வராம போகட்டும் சார். வந்துட்டுப் போறதுக்கு வராமலே இருக்கலாம்."

சனிக்கிழமை இரண்டு குடும்பங்கள் படித்துவிட்டு நடையைக் கட்டின. ஞாயிறு மாலை, பூட்டுகிற நேரத்தில், செடி கன்று வளர்த்து விற்கும் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். இருவர் செருப்பிலும் சேறு. வரும்போதே ஏதோ வண்டித் தகராறில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்திக்கொண்டு வந்தார்கள். அந்தம்மா அட்டையைப் படித்தாள்.

"ஏங்க, இது உங்களைப் பத்தி எழுதின மாதிரியே இருக்கு!"

பட்டாசு சிரிக்கவில்லை. கூண்டைத் திறந்தாள். வாலு பாய்ந்த வேகத்தில் அந்தம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகம் எப்போது சுளிக்கும் என்று பட்டாசு பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தம்மாவோ வாலுவின் காதைச் சொறிந்துகொடுத்தாள்.

"செடியைத் தோண்டினா கட்டிப் போடுவீங்களா?" என்று கேட்டாள் பட்டாசு.

"அதுக்குன்னு ஒரு மூலையை விட்டுடறோம்," என்றார் புருஷன். "எங்களுக்கும் நாள் முழுக்கத் தோண்டறதுதானே வேலை."

"வேலி இருக்கா?"

"என் உயரத்துக்கு."

"இப்ப இப்படித்தான் பேசுவீங்க." அவள் குரல் ஏறியது. "மூணு மாசம் கழிச்சு, முடியலம்மான்னு வாசல்ல வந்து நிப்பீங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

"ஏம்மா சண்டைக்கு வர்றே? வீடுன்னு நம்பி வந்ததை யாராவது திருப்பி விடுவாங்களா?" என்றார் புருஷன்.

"விடுவாங்க," என்றாள் பட்டாசு. "என்னை விட்டாங்க."

அந்தம்மா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மடியில் ஏறிக்கொண்ட வாலுவை ஒரு கையால் அணைத்தபடி மறு கையை நீட்டினாள்.

"கூட்டிட்டுப் போற பேப்பரைக் குடு. எங்க கையெழுத்துப் போடணும்?"