பையோடு நட்ட மரங்கள்

எங்கள் வீட்டுச் சுவருக்கும் கல் அறுக்கும் பட்டறைக்கும் நடுவில் பத்தடி வெற்றிடம். அந்தப் பக்க முன்னறையில்தான் அக்கா குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். அதன் போர்வையை உதறினால் வெள்ளைத் தூள் மாவு மாதிரி பறக்கும். இருமினால் விலா உள்ளே போய்விடும். நடுவில் தடுப்பு எதுவும் இல்லையா என்று டாக்டர் கேட்டதும் அம்மா நேராக நகராட்சிக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நகராட்சியிலிருந்து அளக்க வந்தவருக்கு நாங்கள் டேப்புக்காரர் என்று பெயர் வைத்தோம். வீடு இருக்கும் பக்கம் பத்தடி விட்டு, இரண்டு வரிசை மரம் வைத்தால்தான் பட்டறைக்கு அனுமதி புதுப்பிப்போம் என்று சொல்லிவிட்டாராம். நட்டதும் ஒரு முறையும், நாற்பது நாள் கழித்து ஒரு முறையும் வந்து பார்ப்பாராம்.

தோட்ட வேலை செய்யும் அப்பாவையே மரம் நடக் கூப்பிட்டார் பட்டறை முதலாளி. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஊரான் தோட்டத்துக்கெல்லாம் மண்ணு வெட்டினீங்க. இப்பதான் நம்ம பிள்ளைக்கு வெட்டப் போறீங்க" என்றாள்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். பதினெட்டு மரம், எல்லாம் என்னைவிட உயரம். அப்பா வேரைச் சுற்றியிருந்த கறுப்புப் பையைப் பிரிக்காமல் அப்படியே குழியில் இறக்கி மண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பையை எடுக்கலையாப்பா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார். மரங்கள் நாற்றுப் பண்ணையிலிருந்து வாடகைக்கு வந்தவையாம். டேப்புக்காரர் இரண்டாவது தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் திரும்பிப் போய்விடும். அந்த இடத்தில் முதலாளி கல் அடுக்கப் போகிறார்.

"அம்மாகிட்ட சொல்லாதே. இதை விட்டா கையில வேற வேலை இல்ல."

நான் எங்கே சொல்லப் போகிறேன். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அக்கா எப்போதும் கேட்பாள்.

மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை ஆனது. பட்டறை ஆட்கள் சாப்பிடப் போய் ரம்பம் நிற்கும் நேரத்தில் குடத்தோடு பாதி பிளேடும் எடுத்துப்போனேன். சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் குந்தி, மண்ணை விலக்கி, பையில் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்து, மறுபடி மூடினேன். எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும்தான். மற்றப் பக்கம் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். நாளைக்கு மூன்று மரம், ஆறு நாளில் முடித்தேன்.

மரங்கள் தழைத்தன. போர்வையில் தூள் குறைந்திருக்கிறது என்றாள் அக்கா. நிஜமாகக் குறைந்ததா, ஆசையில் சொன்னாளா, தெரியாது.

நாற்பதாம் நாள் டேப்புக்காரர் மரங்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையே பண்ணை லாரி வந்து நின்றது. நான் முன்னறை ஜன்னலில் நின்றேன்.

அப்பா முதல் மரத்தைச் சுற்றித் தோண்டி அசைத்தார். அது வரவில்லை. "என்னய்யா, சோறு திங்கலையா?" என்றார் முதலாளி. அப்பா பலமாக இழுத்தார். பை பிளந்து மண் முழுக்கக் கொட்டியது. வெறும் வேர் தொங்கியது. எல்லாம் ஒரே பக்கமாக, எங்கள் சுவரைப் பார்த்து நீண்டிருந்தது. இரண்டாவது மரமும் அப்படியே. அப்பா பையின் கிழிசலை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

மண் உதிர்ந்த மரம் பிணத்துக்குச் சமம், ஏற்ற மாட்டேன் என்று லாரிக்காரர் கைவிரித்துவிட்டார். இது யார் வேலை என்று கேட்டார் முதலாளி.

"நான்தான் அறுத்தேன். அந்த ஜன்னலுக்குப் பின்னால எங்க பிள்ளை இருக்கு."

இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்றார் முதலாளி. அப்பா பண்ணை முத்திரை போட்ட அந்த இரண்டு பைகளையும் நிதானமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டேப்புக்காரரிடம் அதைக் காட்டினால் வாடகை மரம் என்று தெரிந்துவிடும். முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாரியைத் திருப்பி அனுப்பினார்.

பிடுங்கிய இரண்டையும் குழியில் வைத்து மண் தள்ளிவிட்டுத்தான் அப்பா வந்தார். அம்மாவிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். அவள் அன்று அவரோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை.

இப்போது அப்பா வேலை தேடி வீடு வீடாகப் போகிறார். இரண்டு மரமும் பட்டுவிட்டன. குழந்தை இன்னும் இருமுகிறது. பட்டறைக்குள் கல் வண்டி நுழையும்போதெல்லாம் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் ஜன்னலுக்கு ஓடுகிறோம்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேற்றுக் காற்று பலமாக அடித்தபோது மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அறுத்தது அறுத்தே, நாலு பக்கமும் அறுத்திருக்கணும். ஒரு பக்க வேரு காத்துக்குத் தாங்காது."

பதினாறு மரங்களும் பட்டறைப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. நான் முட்டுக் கொடுக்கக் கம்பு தேடப் போனேன்.