போட்டோவுக்கான நாற்காலி

"உங்களுக்கு இங்க என்ன செஞ்சு குடுத்தா சந்தோஷமா வேலை பாப்பீங்க, ஆன்ட்டி?" என்று தீபிகா கேட்டபோது சந்திரம்மாவின் ஒரு கை வாஷ்பேசினுக்குள் இருந்தது. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் நாலாவது மாடி, பெண்கள் டாய்லெட். ஊழியர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து அமர்த்திய பெண் தீபிகா. அப்படியும் ஒரு உத்தியோகம் இருக்கிறது, என்ன செய்ய! கெட்ட பெண் இல்லை, பாவம். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிஜமாகவே நின்றாள். சந்தோஷம் என்றதும் சந்திரம்மா தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. துக்கமும்தான் இல்லை. காலையில் ஈஜிபுராவில் பஸ் ஏறும்போதே உள்ளே எல்லாம் மரத்துவிடும். திரும்பி வந்து இறங்கும்வரை அப்படியேதான். கால் மட்டும் மரக்காமல் வலித்துக்கொண்டிருக்கும்.

"குந்தறதுக்கு ஒரு ஸ்டூல் குடுத்தா போதும் மேடம்."

முன்பு ஒரு ஸ்டூல் இருக்கத்தான் செய்தது, துடைப்பம் வைக்கிற அறைக்குள். யாரோ பெரிய மனிதர்கள் சுற்றிப்பார்க்க வந்த அன்று அவள் அதில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான், குடிமுழுகிப் போய்விட்டது. சூப்பர்வைசர் ரவிக்குமார் அதைத் தூக்கிக்கொண்டு போனான். அவளை விட வயதில் சின்னவன். "சும்மா குந்தினு இருக்கறது வர்றவங்க கண்ல படக்கூடாது சந்திரம்மா" என்றான். அன்றிலிருந்து வேலை இல்லாத நேரத்திலும் சுவரோரம் நிற்பதுதான் வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. நடுநடுவே உட்காராவிட்டால் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டூல் கிடைத்தால் வேலையில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான், வீட்டு வாடகையை யார் கட்டுவது?

"உனக்கு இன்னாத்துக்குக்கா வம்பு?" என்றாள் மூன்றாவது மாடியில் இதே வேலை பார்க்கும் உஷா. "ரவி காதுல வுழுந்துச்சுன்னா உன்ன நின்ன எடத்துலயே அனுப்சிடுவான்."

"அனுப்பட்டும் போ" என்றாள் சந்திரம்மா. பயப்படக்கூட அலுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். பலூன், கேக், ஸ்பீக்கரில் பாட்டு. இந்த மாதத்து இரண்டு ஸ்டார்களில் ஒருவர் சந்திரம்மா என்று மைக்கில் சொன்னதும் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவள் பெயர் தெரியாதவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். ஸ்டாராக வருகிறவர்களை டைரக்டரின் நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டோ எடுப்பது அந்த ஆபீஸின் வழக்கம். தீபிகா ஜிகினா கிரீடத்தை அவள் தலையில் வைத்துவிட்டுக் காதோரம் குனிந்தாள்.

"ஸ்டூலுக்கு எவ்வளவோ பேசிப் பாத்தேன் ஆன்ட்டி. பில்டிங் ரூல்ல இடமில்லைன்னுட்டாங்க. அதான் உங்க பேரையாவது இதுக்குக் குடுத்தேன்."

தீபிகாவின் கண் கலங்கியிருந்தது. சந்திரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பின்னால் உருட்டிக்கொண்டு வந்து போட்ட டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாடி! கறுப்புத் தோல் மெத்தென்று உள்வாங்கி இடுப்பைத் தாங்கிக்கொண்டது. பாதத்திலிருந்து தொடைவரை இத்தனை நாள் இறுகிக் கிடந்தது மெல்ல இளகியது.

"சிரிங்க... ஆச்சு. சூப்பர்! அடுத்தது கேட் செக்யூரிட்டி கோவிந்தப்பா" என்றான் போட்டோ எடுத்தவன்.

சந்திரம்மா எழுந்திருக்கவில்லை. கைதட்டல் தேய்ந்து நின்றது. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். ரவிக்குமார் சுவரோரத்திலிருந்து கண்ணாலேயே மிரட்டினான். அவள் அவனைப் பார்த்தாள். எதிரில் ஒரு சுவர் இருப்பதுபோல்தான் இருந்தது. குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினாள். வீங்கிய பாதத்தில் சாக்ஸின் வரி ஆழமாகப் பதிந்திருந்தது.

"சந்திரம்மா, போட்டோ ஆயிடுச்சு. எந்திரி" என்றான் ரவிக்குமார்.

"இன்னும் கொஞ்ச நேரம் குந்திக்கறேன்" என்றாள். கெஞ்சலாகவும் இல்லை, சண்டையாகவும் இல்லை.

யூனிஃபார்ம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலிக்காக வந்து நின்ற கோவிந்தப்பா அவள் காலைப் பார்த்தார். இன்னொரு கிரீடத்தோடு வந்த தீபிகாவைக் கையமர்த்தினார். நாற்காலிக்குப் பக்கத்தில், கேட்டில் நிற்பதுபோலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இரலி, கூத்கொள்ளி அம்மா. நீங்க உக்காருங்க. நிக்கறது நமக்கு என்ன புதுசா?" என்றார் கன்னடமும் தமிழும் கலந்து.

சந்திரம்மா இன்னொரு ஷூவின் லேஸையும் அவிழ்க்கத் தொடங்கினாள்.