டீ கொதிக்கும் நேரத்தில்

...பதினேழுதான், பதினாறு இல்லை, எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான், இன்ஸாஃப் பெயர்ப் பட்டியல் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், வைத்த கையோடு மறுபடி எடுத்தாள். சுகாதார நிலையத்து வராந்தா பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன, எதிரே மூடிய கதவுக்குள் கெய்ரோவிலிருந்து வந்த டாக்டர்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவார்கள், இந்தக் கணக்கு சரிதானா என்று கேட்பார்கள், சரி என்று சொல்ல வேண்டும். சொன்னால் பதினேழாவது பெயரும் சரியாகிவிடும். யூனுஸ், வயது இரண்டரை, வளர்ச்சி தாமதம், தாய் பெயர் இன்ஸாஃப்... அவள் பெற்ற பிள்ளை. சொந்தப் பிள்ளையைத் தானே சோதிக்கக் கூடாது என்று அவள் வீட்டுக்குப் போனவள் கூட வேலை பார்க்கும் தெமியானா, நேற்று இந்தத் தாளை நீட்டும்போது இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

முதல் சுற்றுக் கணக்கெடுப்பில் நாற்பத்தெட்டு. இந்த ஒரு கிராமத்தில், நூற்றிருபது பிள்ளைகளில் நாற்பத்தெட்டுப் பேருக்குத் தாமதம் என்று வந்ததும் கெய்ரோக்காரர்கள் ஆடிப்போய்விட்டார்கள், தண்ணீரில் கோளாறோ, சோகையோ, சொந்தத்துக்குள் கல்யாணமோ என்று ஆளுக்கொரு காரணம். இவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தாளும் பேனாவுமாக வாசலில் வந்து நிற்கிற அந்நியப் பெண்ணிடம் என் பிள்ளை ஓடுவான், பேசுவான் என்று எந்தத் தாய் வாயைத் திறப்பாள், கண் பட்டுவிடாதா... நபவிய்யாவின் மகன் வாத்துகளைத் தெருக்கோடி வரை விரட்டிக்கொண்டு ஓடுகிற பயல், அவள் என்னடாவென்றால் கண் படாமலிருக்க அவன் சட்டையில் குத்தியிருந்த நீலமணியைக் கையால் மூடிக்கொண்டு, "அதுக்கு என்னம்மா தெரியும், மண்ணு மூட்டை, உக்கார வெச்சா உக்காந்திருக்கும்" என்றாள். நடக்கமாட்டான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள் கெய்ரோப் பெண்.

"டாக்டரம்மா, கேள்வி கேக்காதீங்க, டீ கேளுங்க." அதைச் சொன்னது இவள்தான், வேறு யாருமில்லை, தொழிற்பள்ளி டிப்ளமோவைத் தவிர எதுவும் படிக்காத கிராமச் சுகாதாரப் பணியாளர் இன்ஸாஃப். வந்தவர் டீ கேட்டுத் தரமாட்டேன் என்கிற வீடு இந்த ஊரில் உண்டா? தாய் அடுப்படிக்குப் போவாள், டீ நன்றாகக் கறுத்துக் கொதித்து வரப் பத்து நிமிஷம், அதற்குள் பிள்ளைக்கு முன்னால் காய்ந்த மொச்சையைப் பரப்பி ஒரு காலிக் கிளாஸை வைத்தால் போதும், விரலால் எடுக்கிறதா, போடுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, எல்லாம் கண்ணெதிரே தெரிந்துவிடும். ஓசி டீக்கு வழி பண்றாங்க என்று ஓர் இளம் டாக்டர் கிண்டலடித்தான், பெரிய டாக்டர் ஷாஹிந்தா சிரிக்கவில்லை, நோட்டை எடுத்து எழுதினார். இரண்டாம் சுற்றில் நாற்பத்தெட்டு பதினாறானது, கடைசியாகச் சோதித்த யூனுஸோடு சேர்த்துப் பதினேழு. இப்போது இன்னும் நாலு ஊர்களில் இவள் முறைதான், போன மாதம் கெய்ரோப் பெண்கள் ஆறு பேருக்கு இவள் பாடம் எடுத்தாள், அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமைக்குத் தெருவே போதவில்லை.

இந்தப் பதினேழு நிஜம், அதனால்தான் மற்ற பதினாறு வீடுகளுக்கும் அவளே நேரில் போனாள், பட்டியலில் பேர் வந்தால் அவமானமில்லை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு இங்கே நடக்கும் பயிற்சி வரிசையில் முதல் இடம் என்று ஒவ்வொரு தாயிடமும் அடித்துச் சொன்னாள். அப்படியானால் இந்த ஒரு பெயர் மட்டும் ஏன் வாயில் வரமாட்டேன் என்கிறது... அன்றைக்கு யூனுஸுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம், டாக்டரம்மா நம்பிவிடுவார், ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினாறு தாய்களில் ஒருத்தியான ஹிக்மத் அழுதுகொண்டே இதையேதானே சொன்னாள், அன்னிக்கு அவனுக்கு உடம்பு சரியில்லக்கா என்று, அவள் பையன் பெயரை அடிக்கவில்லையே இவள். யூனுஸுக்குக் காய்ச்சலும் கிடையாது. தெமியானாவைப் புது முகம் என்று பார்த்து அழுதிருப்பான் என்று சொல்லலாமென்றால், அவள் வாரத்தில் மூன்று நாள் வந்து போகிற வீடு. இந்த ஒன்றை அடித்தால், தப்பித்து வந்த முப்பத்தொரு பிள்ளைகளின் கணக்கை மட்டும் யார் நம்புவார்கள்?

கதவு திறந்தது. உள்ளே போனதும் டாக்டர் ஷாஹிந்தா நாற்காலியைக் காட்டினார், இவள் உட்காரவில்லை.

"இன்ஸாஃப், உனக்கே சந்தேகமா இருக்கிற பேர் ஏதாவது இதுல இருக்கா?"

"இல்ல டாக்டரம்மா. பதினேழும் சரி. கடைசிப் பேர் என் பையன்."

குரல் நடுங்கவில்லை, அதிலும் அவளுக்கு ஒரு பெருமைதான், கிண்டலடித்த அந்த இளம் டாக்டர் எழுந்து நின்றுவிட்டான். டாக்டரம்மா மெதுவாக, மற்றத் தாய்களிடம் கேட்பதைப் போலவே, வீட்டில் என்னென்ன வார்த்தை பேசுவான் என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றரை வருஷமாக அவள் சொல்லி வந்த பதில் ‘அது வாயே திறக்காது’ என்பதுதான், அது ஊர்க் கண்ணுக்குப் பயந்து சொல்கிற பொய் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், நிஜத்தில் பேசுவான், வீட்டுக்குள் பேசுவான்... தண்ணீர்? அதற்குக் கையைப் பிடித்து இழுப்பான். அம்மா? அழுகிறபோது அந்த மாதிரி ஒரு சத்தம் வரும். வேறு... அவள் நின்றபடியே தேடினாள், எந்த நாளிலிருந்து அந்தப் பதில் பொய்யாக இல்லாமல் போனது, இல்லை, முதல் தடவை சொன்னபோதாவது பொய்யாக இருந்ததா...