டிரைவர் கோட்டின் ஆறு பொத்தான்

தையல்காரியின் இரண்டு வயது மகளுக்கு வீட்டில் 'பெரிய மனுஷி' என்று பட்டப்பெயர். எதைத் தொட்டாலும் "நானே!" என்பாள். நடுவில் யாராவது கை வைத்தால் போச்சு, செய்ததையெல்லாம் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அன்று காலை பஸ் டிரைவர் தன் சீருடைக் கோட்டை வாங்க வந்தார். ஒன்பதுக்கு வண்டியை எடுக்க வேண்டும், மணி எட்டேமுக்கால். கோட்டை மாட்டியதுதான் தாமதம், பெரிய மனுஷி நாற்காலியில் ஏறி முதல் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, மாமாவை விடுடி! பத்து நாளா உன் கவுன் பொத்தான் ஒண்ணே உனக்கு நுழையல, இதுல ஆறா?"

"நானே!"

ஒன்று நுழைந்தது. தாய் வாயைப் பிளந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு இரண்டு, மூன்று... நான்காவது நழுவியதும் தாய்க்குப் பொறுக்கவில்லை, வெடுக்கென்று அதை மாட்டிவிட்டாள். அவ்வளவுதான், நான்கும் கழன்றன.

"ஏம்மா, நல்லாத்தானே போயிட்டிருந்தது!" டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஒருவழியாக முடிந்தது. எல்லாம் ஒரு துளை தள்ளிக் கோணல்மாணலாக, கடைசிப் பொத்தான் அநாதையாக.

"இருங்கண்ணே, சரி பண்ணிடறேன்."

"அம்மா தாயே, தொடாதே! மறுபடி ஆரம்பிச்சிடுவா!" அவர் அப்படியே ஓடினார்.

'என் தையலையல்லவா ஊர் பழிக்கும்' என்று நொந்துகொண்டே தையல்காரி வாசலுக்கு ஓடி, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

"அண்ணே, யார் கேட்டாலும் என் பொண்ணு போட்டதுன்னு சொல்லுங்க!"