தள்ளுகட்டை

மெஷினின் வாய்க்குக் கம்பிவலை போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்கு வந்ததும் குருவியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். நான்கு மூலையிலும் புதுத் திருகாணிகள் பளபளத்தன. பக்கத்துச் சுவரில் ‘கையை உள்ளே விடாதே’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. பெயிண்ட் வாசனை கூட இன்னும் போகவில்லை.

“என்னடி, மெஷினுக்குக் கல்யாணமா?” என்றாள் பெல்ட் பக்கம் நிற்கும் நெட்டை.

குருவி சிரிக்கவில்லை. வாய் ஓயாதவள் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று அவளுக்குப் பேச்சு வரவில்லை. இன்சூரன்ஸ்காரர் வரும் நாள் இது.

பர்கருக்கு நடுவில் வைக்கிற இறைச்சி வட்டுகளை அடிக்கும் மெஷின் அது. மேலே ஒரு பெரிய தொட்டி. அதைத்தான் எல்லோரும் வாய் என்பார்கள். அரைத்த கோழிக்கறியை அதில் கொட்டினால், அடியில் சுற்றும் திருகு அதை இழுத்து அச்சில் அழுத்தி, வட்டு வட்டாக பெல்ட்டில் தள்ளும். அரைத்த கறிக்கு அங்கே பெயர் ‘மாவு’. ஃப்ரீசரிலிருந்து நேராக வருவதால் மாவு பாதிக் கல்லாக இருக்கும். தொட்டியின் ஓரத்தில் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தொட்டிக்குப் பக்கத்து மேடையில் நிற்கிறவள்தான் அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். போன மாதம் வரை அந்த மேடையில் நின்றது குருவியின் அண்ணி; இப்போது குருவி.

அப்போதெல்லாம் தள்ளுவதற்கு ஒரு பிளாஸ்டிக் கட்டை இருந்தது. ஒரு நாள் அதன் நுனி உடைந்து வட்டோடு போய்விட்டது. எங்கேயோ ஒரு கடையில் யாரோ கடித்து, பல்லில் பட்டு, படம் எடுத்துப் போட்டு, ஊரே நாறியது. மறுநாள் சூப்பர்வைசர் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். எப்போதும் உதட்டில் ஒரு பாட்டை ஊதிக்கொண்டே திரிவதால் அவருக்கு விசில் என்று பெயர்.

“கட்டை இல்லாம எப்படி சார் தள்ளுறது?” என்று அண்ணி கேட்டாள்.

“கட்டை உடைஞ்சா துண்டு உள்ள போகும்மா. கை என்ன உடைஞ்சா போயிடும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். வலை இருந்தால் கை போகாது என்று அதையும் கழற்றி மூலையில் சாய்த்தார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் அண்ணி. மெஷினுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு விரல் போன அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை “அய்யோ, மாவு வீணாப்போச்சு சார்” என்பதுதான்.

விசில் உடனே மெஷினை நிறுத்தினார். தொட்டியிலிருந்த மாவு மொத்தத்தையும், பெல்ட்டில் போன வட்டுகளையும் கறுப்புப் பைகளில் அள்ளிக் கட்டச் சொன்னார். ஒரு துணுக்கு விடாமல் கழிவு வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் அண்ணியை ஏற்றிப்போக வண்டிக்குச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “விரலெல்லாம் எங்கேம்மா? ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு வந்திருந்தா தைச்சுப் பார்த்திருப்பேனே.” குருவி பதறிப்போய் கம்பெனிக்குப் போன் அடித்தாள். கழிவு வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. ஐஸுக்குப் பஞ்சமே இல்லாத இடம் அது.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பக்கத்து வீட்டு அக்கா தினமும் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

“புழுவை அரைச்சுப் போடுறாங்களாமே?”

“புழுவும் இல்ல, பூச்சியும் இல்லக்கா. கோழிக்கறி, உப்பு, மிளகு, ரொட்டித்தூள். நம்ம சமையக்கட்டை விட அங்க சுத்தம்.”

“பன்னு வருஷக்கணக்கா கெடாதாமே?”

“வாங்கிட்டு வந்து ஒரு வாரம் பையிலேயே கட்டி வைங்க. பச்சையாப் பூசணம் பிடிச்சுக் கிடக்கும்.”

“யாருக்கோ உள்ள விரல் கிடைச்சுதாமே?”

அதைக் கேட்டதும் குருவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். யாருக்கும் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். கம்பெனி தன் கடைகளிலெல்லாம் ‘வதந்தியும் உண்மையும்’ என்று பெரிய தாள் ஒட்டியிருந்தது. விரல் கிடைத்தது என்பது வதந்தி. கை படாமல், முழுக்க மெஷினிலேயே தயாராகிறது என்பது உண்மை. அண்ணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பேச்சு முடியும் வரை வீட்டுக்குள்ளிருந்து வெளியே வர மாட்டாள்.

கையில் இன்னொரு ஆபரேஷன் செய்தால் கட்டைவிரலாவது மடங்கும், பாத்திரம் பிடிக்கலாம், தள்ளிப்போட்டால் விறைத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு இன்சூரன்ஸ் பணம் வர வேண்டும். அண்ணனுக்கு மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போயிருந்தது. வீட்டில் இப்போது குருவியின் சம்பளம் மட்டும்தான்.

நேற்று ராத்திரி அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நீ எதுவும் சொல்லிடாதம்மா. உனக்கும் வேலை போயிட்டா நாம எங்க போறது?”

“நான் எதுக்கு அண்ணி சொல்லணும்? அவர் வந்து நிக்கிற நேரத்துல மெஷினே அடைச்சுக்கும் பாருங்க. நமக்குச் சாட்சி அதுதான்.”

அந்த நம்பிக்கையோடுதான் குருவி இப்போது மேடையில் ஏறினாள். மாவு நிரப்பிய டப் வந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். மாவில் குளிரே இல்லை. ராத்திரியே வெளியில் எடுத்து வைத்திருக்கிறார்கள். குழைந்த சோறு மாதிரி இளகிக் கிடந்தது. வேகத்தையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள்.

இன்சூரன்ஸ்காரர் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மேடையில் ஏறும்போது குருவிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். வலையைத் தட்டிப் பார்த்தார். பலகையைப் படித்தார். கீழே மாவு வழுக்கிக்கொண்டு இறங்க, வட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெல்ட்டில் விழுந்தன. குருவி தொட்டியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடை, ஒரே ஒரு தடவை அடை என்று மனசுக்குள் கெஞ்சினாள். மெஷின் பூனை மாதிரி உறுமிக்கொண்டு சமர்த்தாக ஓடியது.

“இது அடைக்குமாம்மா?” என்றார் இன்சூரன்ஸ்காரர்.

“அடைக்கும் சார்.”

“இப்ப அடைக்கலையே?”

“இன்னிக்கு இளகின மாவு சார். தினமும் கல்லு மாதிரி வரும்.”

விசில் சிரித்தார். “இளகின மாவை இங்க உள்ளயே விட மாட்டோம் சார். கிருமி வந்துடும்ல? அந்த விஷயத்துல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். குருவி தொட்டியைக் காட்டி வாயைத் திறப்பதற்குள் இன்சூரன்ஸ்காரர் அடுத்ததைக் கேட்டார். “சரி, அடைச்சா என்ன செய்வீங்க?”

அண்ணி சொன்னது காதில் ஒலித்தது. இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

“கையை விட்டுத் தள்ளுவோம் சார். எல்லாருமே. அண்ணியும் அப்படித்தான் தள்ளினாங்க. முன்னாடி ஒரு கட்டை இருந்துச்சு, அதை எடுத்துட்டாங்க. இந்த வலையும் அப்ப கிடையாது. இந்தப் பலகையே இன்னிக்குத்தான் மாட்டினாங்க.”

“பழசு மங்கிப்போச்சு சார், அதான் மாத்தினோம்” என்றார் விசில்.

இன்சூரன்ஸ்காரர் பெல்ட் பக்கம் திரும்பி, “நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?” என்று நெட்டையைக் கேட்டார். நெட்டை தரையைப் பார்த்தாள். “நான் பெல்ட்டை விட்டு இந்தப் பக்கம் வர்றதில்ல சார்” என்றாள். அவள்மேல் குருவிக்குக் கோபம் வரவில்லை. புருஷன் விட்டுப்போன வீடு, இரண்டு பிள்ளைகள். கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

“அவங்க உங்களுக்கு அண்ணியா?” என்றார் அவர்.

“ஆமா சார்.”

“ம்.” பேனாவை மூடிக் கோட்டுப்பையில் செருகினார். “பாருங்கம்மா, நான் உள்ளதைச் சொல்லிடுறேன். மெஷினுக்குள்ள கை போக வேண்டிய அவசியமே இல்லைன்னு கம்பெனி சொல்லுது. நானும் கண்ணால பார்த்துட்டேன். இல்ல, கை போச்சுன்னு நீங்க சொல்றீங்க. அப்படின்னா விடாதேன்னு சொன்ன இடத்துல அவங்களாத்தான் விட்டிருக்காங்க. அதுக்கும் பணம் கிடையாது. எனக்கும் வருத்தம்தான்.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எந்தப் பக்கம் பேசியிருந்தாலும் அடி அண்ணிக்குத்தான் என்பது அப்போதுதான் குருவிக்குப் புரிந்தது. இருந்த ஒரே சாட்சியும் கைவிட்டுவிட்டது.

அவர் கிளம்பும்போது விசில் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து கையில் திணித்தார். கடையிலிருந்து வரவழைத்த சூடான பர்கர்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டு வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி மேடைக்குப் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏம்மா, நீங்க உள்ளேயே இருக்கிறவங்க. மறைக்காம சொல்லுங்க. ஏதேதோ சொல்றாங்களே... பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?”

குருவி அவர் முகத்தைப் பார்த்தாள். புழு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

“குடுங்க சார். சுத்தமான கறிதான். எப்பவாவதுன்னா ஒண்ணும் ஆகாது, தினமும் குடுக்காதீங்க.”

“அப்பாடா” என்றார் அவர். அதை மட்டும் அப்படியே நம்பிவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

கார் வாசலைத் தாண்டிய சத்தம் கேட்டதும் விசில் திருப்புளியோடு மேடையில் ஏறினார். நான்கு திருகாணியையும் கழற்றி வலையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். இளகிய மாவை மிச்சமில்லாமல் கறுப்புப் பைகளில் கட்டி வெளியே அனுப்பினார். பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

“நான் உன் வயித்துல அடிக்கலம்மா” என்றார் குருவியின் முகத்தைப் பார்க்காமலே. “எனக்கும் மேல ஆள் இருக்கான். காலையில போன நேரத்தைப் பிடிக்கணும். ஆகட்டும்.”

ஃப்ரீசரிலிருந்து புது டப் வந்தது. மாவில் வெள்ளையாகப் புகை எழுந்தது. வேகத்தைக் கூட்டினார்கள். கொஞ்ச நேரத்திலேயே தொட்டியின் ஓரத்தில் மாவு கட்டிக்கொண்டது. அடியில் திருகு வெறுமனே சுற்றியது. பெல்ட் காலியாக ஓடியது.

குருவி சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். எல்லாம் நின்றது. ஆபீஸ் ஜன்னலுக்கு மேல் விளக்கு எரிந்தது. அது எரிந்தால் அந்த வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அன்றைய போனஸில் கை வைப்பார்கள். அவள் நின்றுபோன மெஷினில் கையை விட்டு மாவைத் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினாள். சற்று நேரத்தில் மறுபடி அடைத்தது. மறுபடி அழுத்தினாள்.

பெல்ட் நெடுக நின்ற பெண்கள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். நெட்டை மட்டும் கிட்டே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“குருவி, என்னைத் திட்டுறதுன்னா திட்டிக்கோ. ஆனா இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டாதடி. வாடகை குடுக்கணும்.”

குருவி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அடுத்த தடவை மாவு கட்டியபோது மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் வலது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். பிறகு கீழே இறக்கிவிட்டு, இடது கையைச் சுருட்டி உள்ளே விட்டாள். குளிரில் விரல்கள் உடனே மரத்துப்போயின. எது மாவு, எது தன் கை என்று தெரியவில்லை. கட்டி இறங்கியதும் கையை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். மாவு மறுபடி ஓரத்தில் கட்டத் தொடங்கியது.