கேட்டில் நின்றவன் பார்த்தது

...கூப்பிடவே இல்லை என்று எழுதிவிட்டதே இந்தப் பெண், என்ன துணிச்சல், ஒன்பதாம் வகுப்புச் சிந்துவுக்கு என் வீட்டுக் கதை எப்படித் தெரியும்? தெரியாது, லவினா டீச்சர்தான் தன் கதையையே பேரையெல்லாம் மாற்றித் தமிழ் வகுப்பில் சொன்னாள், அம்மா செத்த அன்றைக்குத் தம்பி கேட்டிலேயே நின்றுவிட்டான், அக்கா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், சவப்பெட்டி தெருவுக்கு வரும்வரை உள்ளே காலே வைக்கவில்லை, கல்நெஞ்சக்காரன்... இதையே தம்பியின் கண்ணால் எழுதி வாருங்கள் என்றாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

மடியில் சிந்துவின் நோட்டு. மாரத்தஹள்ளி தாண்டி பஸ் ஊர்கிறது, சனிக்கிழமை மத்தியான வெயில், யூகலிப்டஸ் வாசனை, கண் சொக்குகிறது... 'அக்கா மேலே நின்றாள். என்னைப் பார்த்தாள். கூப்பிடுவாள் என்று நின்றேன். கூப்பிடவே இல்லை.' கதையில் இல்லாததைச் சேர்க்காதே என்று எழுதச் சிவப்பு மசி பேனாவைத் திறந்தாள், எழுத வரவில்லை, இல்லாததா அது? தம்பி யூஜின் ஃபாத்திமாவைக் கட்டிக்கொண்டபோது அம்மா கத்தினாளே, "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே!" ஏழு வருஷம் அவன் மிதிக்கவில்லை, அம்மாவும் போன பிறகு வா என்று சொல்ல அந்த வீட்டில் யார் மிச்சம்? அடிப்பாவி, நீதானே. அம்மா போன இந்த நாலு வருஷமாகச் சித்தியிடம், பக்கத்து வீட்டு சீதாலட்சுமியிடம், எல்லாரிடமும் அவன் நின்றதையே சொன்னாள், தன் பாவத்தை ஃபாதரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் போய்த் தம்பியின் பாவத்தைச் சொன்ன ஒரே ஆள் இந்த ஊரிலேயே இவளாகத்தான் இருக்கும். பார்த்தவள் சொன்ன கதை, அதில் பார்த்தவளின் பங்கையே காணோம்.

"ஒயிட்ஃபீல்டு, இளீரி மேடம்," என்று கன்னடத்தில் இறங்கச் சொல்லிக் கண்டக்டர் தோளருகே குனிந்தார், இறங்கிவிட்டாள், கால் தானாக நடக்கிறது. யூஜின் கடிதம் போட்டிருந்தான், இங்கே கட்டிய புது வீட்டை ஜெபம் செய்து மந்திரிக்க ஃபாதர் வருகிறார், 'நீ வந்து முதல்ல காலை வை அக்கா.' அது போன ஞாயிற்றுக்கிழமைக்கு. போகவில்லை, வீம்பு. இன்றைக்கு எந்த முகத்தோடு? பச்சை கேட், பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை, கொண்டியில் வைத்த கை அதிலேயே நின்றுவிட்டது, தள்ளினால் திறக்கும், தள்ள முடியவில்லையே, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மேலிருந்து வந்தால் போதும்... மாடி ஜன்னலில் யாரோ நிற்கிறார்கள், யூஜினா? அவன் நிற்கிற மாதிரிதான், ஒரு தோள் இறங்கி. கண்ணாடியில் வெயில் கூசுகிறது, முகம் தெரியவில்லை, கோபமா, சிரிக்கிறானா, அழுகிறானா, இங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை. அம்மா செத்த அன்றைக்கு அந்த வீட்டு மாடி ஜன்னலில் லவினா வாயைப் பொத்தி அழுதுகொண்டுதான் நின்றாள், குரலே எழும்பவில்லை. கேட்டில் நின்றவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?